கொழும்பின் 2.3 வீதத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

கொழும்பு மாவட்டத்தில் வறியோர் 2.3 வீதம். முல்லைத்தீவில் 44.5 வீதம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய குடும்ப வருமான, செலவின ஆய்வில் இருந்து வந்த இந்த இரண்டு எண்களும் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் புழங்கிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குக் கொழும்பில் வறுமை என்று பேச ஒன்றுமில்லை என்றே தோன்றும். வீதத்தைத் தலையெண்ணிக்கையாக மாற்றினால் படம் வேறு. 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில் ஏறக்குறைய 23 இலட்சம் பேர், முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேர். பெருக்கிப் பார்த்தால் கொழும்பில் 50 ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். முல்லைத்தீவில் 40 ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். வீதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஆட்கணக்கில் அவ்வளவு இல்லை.

முல்லைத்தீவின் நிலையைக் குறைத்துக் காட்ட இதைச் சொல்லவில்லை. ஊரில் பாதிப்பேர் வறியவர்கள் என்றால் கடன் கொடுக்கவும் கைமாற்றுக் கேட்கவும் அங்கே ஆளில்லை; கடையும் ஓடாது, கூலி வேலையும் கிடைக்காது. கொழும்பில் அந்தச் சிக்கல் வேறு விதமாக வருகிறது. இந்தக் கட்டுரை பேச வருவது அந்த 2.3 எப்படிக் கிடைத்தது, எதை அது எண்ணாமல் விட்டது என்பதைத்தான்.

கோடு போடும் முறை

உத்தியோகபூர்வ வறுமைக்கோடு ஒரு செலவுக் கணக்கு. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோகலோரி வேண்டும் என்று முதலில் தீர்மானிக்கிறார்கள். 2002இன் கோட்டில் அது 2,030. குறைந்த செலவில் வாழும் குடும்பங்கள் உண்மையில் வாங்கும் அரிசி, மா, பருப்பு, தேங்காய், கருவாடு போன்றவற்றில் இருந்து அந்தக் கலோரியைப் பெற எவ்வளவு காசு போகும் என்று பார்க்கிறார்கள். அதன் மேல் உடுப்பு, வாடகை, பஸ் காசு, மருந்து போன்ற உணவல்லாத செலவுக்கு ஒரு பங்கு சேர்க்கிறார்கள். மாதம் ஓர் ஆளுக்கு வரும் மொத்தம்தான் கோடு. 2002இல் அது 1,423 ரூபா.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஆண்டுதோறும் விலை ஏற்றத்துக்கு ஏற்பக் கோடு உயர்ந்தது. ஆனால் கூடைக்குள் இருந்த பொருட்களின் விகிதம் பழையதாகவே இருந்தது. கைப்பேசி ரீலோட், பிள்ளையின் ரியூஷன் காசு, ஓட்டோக் கூலி எல்லாம் வாழ்க்கைக்குள் வந்து குந்திவிட்டன. கோடு அவற்றுக்கு ஈடு கொடுக்கவில்லை. 2016இல் கோடு 4,166 ரூபாவில் நின்றது, வறியோர் 4.1 வீதம் என்று அறிவிக்கப்பட்டது. கொழும்பில் 0.9 வீதம். வறுமையை ஏறக்குறைய ஒழித்துவிட்டோம் என்ற பேச்சு அந்தக் காலத்தில்தான் உச்சத்துக்குப் போனது.

2019 ஆய்வுக்காக, 2012/13 ஆய்வில் கண்ட செலவுப் பழக்கத்தை அடிப்படையாக எடுத்துக் கோட்டைப் புதிதாகப் போட்டார்கள். அது 6,966 ரூபாவாக வந்தது. வறியோர் 14.3 வீதம், ஆட்கணக்கில் 30 இலட்சத்துக்கு மேல். மூன்று ஆண்டில் வறுமை மூன்று மடங்கானது என்று எழுதியவர்கள் உண்டு. அப்படி ஆகவில்லை. புதிய கோட்டை 2016இன் தரவுக்கு மேல் வைத்தால் அங்கேயும் வீதம் இரட்டை இலக்கத்துக்குப் போய்விடும். ஆட்கள் அதே ஆட்கள். அவர்களை வறியவர் என்று ஒத்துக்கொள்ளும் அளவுதான் மாறியது.

நேபாளத்திலும் இதே கதை. 2010/11இல் 25.16 வீதமாக இருந்த வறுமை 2022/23இல் 20.27 வீதம். பன்னிரண்டு ஆண்டில் ஐந்து புள்ளிதானா என்று கேட்கத் தோன்றும். இடையில் கோட்டை உயர்த்தியிருக்கிறார்கள். பழைய கோட்டிலேயே அளந்தால் 3.57 வீதம்தான் வரும். ஆகவே இலங்கையின் 14.3ஐயும் நேபாளத்தின் 20.27ஐயும் பங்களாதேஷ் 2022இல் அறிவித்த 18.7ஐயும் ஒரே அட்டவணையில் போட்டு யார் முன்னே, யார் பின்னே என்று வரிசைப்படுத்துவது வீண் வேலை. ஒவ்வொன்றும் அந்தந்த நாட்டுக் கூடை, அந்தந்த நாட்டு அளவுகோல். இந்தியாவில் 2011-12இன் 21.9 வீதத்துக்குப் பிறகு உத்தியோகபூர்வமான செலவுக் கோட்டில் அளந்த எண் வெளிவரவே இல்லை. இப்போது அங்கே பேசப்படுவது அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமை; படிப்பு, சுகாதாரம், வீட்டு வசதி போன்றவற்றில் உள்ள குறைகளைச் சேர்த்து அளப்பது. தமிழ்நாட்டின் 2.20 வீதமும் அந்த வகைதான். அதைக் கொழும்பின் 2.3ஓடு ஒப்பிடும் பதிவுகள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. இரண்டும் அளப்பது வேறு வேறு.

நாடுகளை ஒப்பிடுவதற்கென்றே உலக வங்கி வைத்திருக்கும் கோடு தனி. 1990இல் நாளுக்கு 1 டொலர் என்று தொடங்கியது, 1.25, 1.90, 2.15 என்று ஏறி 2025 ஜூனில் 3 டொலர் ஆனது. இங்கே ஒரு பொதுவான பிழை: 3 டொலரை வங்கியின் மாற்று வீதத்தால் பெருக்கி, நாளுக்கு 900 ரூபா என்று சொல்வது. அந்த டொலர் கொள்வனவுச் சக்திச் சமநிலை டொலர்; அமெரிக்காவில் அந்தக் காசுக்கு வாங்கக்கூடியதை இங்கே வாங்க எத்தனை ரூபா போகும் என்பதே கணக்கு. அரிசியும் முடிவெட்டும் கூலியும் இங்கே மலிவு என்பதால் ரூபாவில் அது 900ஐ விடப் பல மடங்கு குறைவாக வரும்.

மாதாந்தக் கோடும் மாதச் சம்பளமும்

திணைக்களம் மாதந்தோறும் மாவட்ட வாரியாகக் கோட்டை வெளியிடுகிறது. 2024 ஜனவரியில் தேசியக் கோடு 17,014 ரூபா. மிக உயர்ந்தது கொழும்பு, 18,350. மிகக் குறைந்தது மொனராகலை, 16,268. 'ஒருவர் மாதம் 17 ஆயிரத்தில் வாழலாமா' என்று முகநூலில் கொதிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இது கைக்குழந்தையும் சேர்த்துத் தலைக்கு வரும் தொகை. நால்வர் கொண்ட கொழும்புக் குடும்பத்துக்கு 73,400 ரூபா. அதே மாதத்தில் தனியார் துறைக்குச் சட்டம் வகுத்திருந்த ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 12,500 ரூபாவும் வரவுசெலவுக் கொடுப்பனவு 3,500 ரூபாவும் சேர்த்து 16,000. கொழும்பில் ஓர் ஆளின் கோட்டுக்கே அது காணாது. பின்னர் அது 21,000 ஆகி, 2025 ஏப்ரலில் 27,000 ஆனது. அந்த 27,000ஐ இரண்டு பேர் உழைத்தாலும் நால்வர் குடும்பம் 2024 ஜனவரியின் கொழும்புக் கோட்டைத் தொட 19 ஆயிரத்துக்கு மேல் துண்டு விழுந்தது.

மாதாந்தக் கோடு எவ்வளவு காசு வேண்டும் என்று மட்டும் சொல்லும். அதற்குக் கீழே எத்தனை பேர் என்று சொல்ல வீடு வீடாகப் போகும் ஆய்வு வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு பரவலாக எடுத்தாளப்பட்ட 25.9 வீதம் என்ற எண், 2023ஆம் ஆண்டுக்காக உலக வங்கி, கீழ் நடுத்தர வருமான நாடுகளுக்கென வைத்திருந்த தன் 3.65 டொலர்க் கோட்டை வைத்துச் செய்த மதிப்பீடு. 2019இல் அதே கோட்டில் 11.3 வீதம். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 2023இல் சொன்ன 55.7 வீதமோ வறியவர்களின் எண்ணிக்கை அல்ல; கடன், வேலை, படிப்பு, அனர்த்தம் என்று பல பக்கத்தாலும் ஆட்டங்காணக்கூடிய நிலையில் இருப்பவர்களின் எண்ணிக்கை. 14.3, 25.9, 55.7 மூன்றும் மூன்று கேள்விக்கான பதில். ஒரே பந்தியில் மூன்றையும் கலந்து 'வறுமை 14இல் இருந்து 55க்கு' என்று எழுதினால் அது கட்டுக்கதை.

நகரம் என்றால் எது?

2019 ஆய்வு நகரம் 6.0, கிராமம் 15.0, பெருந்தோட்டம் 33.8 வீதம் என்று பிரிக்கிறது. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது மட்டுமே நகரம். 1987இல் பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் போனபோது அவற்றின் ஆட்களும் புள்ளிவிபரத்தில் கிராமத்தவர் ஆனார்கள். 2012 கணக்கெடுப்பில் நாட்டின் 18.2 வீதம்தான் நகரவாசிகள் என்று வந்ததற்கு இதுவே முக்கிய காரணம். கொழும்பின் விளிம்பில் ஒட்டிக் கிடக்கும் கொட்டிகாவத்தை - முல்லேரியாவும், நெரிசலில் திணறும் ஹோமாகமவும் பிரதேச சபைகள், கணக்கில் கிராமம். கொழும்பில் இருந்து வாடகை தாங்காமல் வெளியே தள்ளப்படும் குடும்பம் இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளிப் போனாலே கிராமப்புற வறுமைக்குள் எழுதப்படும்.

பெருந்தோட்டத்துக்கு இன்னொரு வழுக்கல். 20 ஏக்கருக்கு மேல், 10 தொழிலாளருக்குக் குறையாமல் குடியிருக்கும் இடம்தான் அந்தப் பிரிவு. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் நின்று, கடையின் மேல்மாடியிலேயே படுத்தெழும் பொடியன்கள் எந்தப் பிரிவிலும் ஒழுங்காக விழுவதில்லை. ஆய்வாளர் போவது குடியிருப்பு வீடுகளுக்கு. கடையின் பரண் வீடு அல்ல. ஊரில் உள்ள குடும்பத்தின் கணக்கில் பொடியன் அனுப்பும் காசு வரவாகப் பதிவாகும். அவன் இங்கே எப்படிச் சாப்பிட்டுப் படுக்கிறான் என்பது எங்கும் பதிவாகாது.

பெருந்தோட்டத்தில் செலவுக் கோட்டில் 33.8 வீதம் என்று வந்தது, படிப்பு, சுகாதாரம், வீட்டு வசதி எல்லாம் சேர்த்துப் பார்க்கும் பல்பரிமாண அளவில் 51.3 வீதமாகப் போகிறது. நாட்டுச் சராசரி 16.0. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையான லயன் காம்பிராவுக்குள் காசு கொஞ்சம் வந்தாலும், அந்தக் காசு சுவரையும் கக்கூசையும் வாங்கித் தராது என்பதே அந்த இடைவெளியின் பொருள்.

நகரத் தோட்டங்களில் ஒரு மின்மானி

2001இல் கொழும்பு மாநகர எல்லைக்குள் எடுத்த கணக்கு 1,614 குறைந்த வருமானக் குடியிருப்புகளையும் 77,612 குடும்பங்களையும் கண்டது. நகரின் சனத்தொகையில் ஏறக்குறையப் பாதி. மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், வனாத்தமுல்லை, தெமட்டகொடை, கொம்பனித்தெரு என்று போய்ப் பார்த்தால் புதுக் கட்டடங்களுக்குப் பின்னே இப்போதும் தோட்டம் தோட்டமாக இருக்கிறது; இப்படியான நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைக் கொழும்பில் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். பாதி நகரம் இப்படி இருக்க, மாவட்டம் 2.3 எப்படி ஆகும்?

ஒரு காரணம் நேர்மையானது: இங்கே நாளாந்தம் கைக்குக் காசு வருகிறது. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்கும் நாட்டாமையோ, வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணோ, ஓட்டோ ஓட்டுபவரோ வடக்கில் ஒரு விவசாயக் கூலியை விட அதிகம் கையில் காண்கிறார்கள். மறு காரணம் கணக்கு முறையின் குறை. ஆய்வு பார்ப்பது செலவை. ஒரே பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் அந்தக் கணக்கில் கூடுதலாக நுகர்ந்தவர் ஆகிறார். மாவட்டத்துக்கு ஒரே விலைச்சுட்டி. பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டமும் மட்டக்குளியும் அதில் ஒன்று.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். 2023 பெப்ரவரியில் 66 வீத உயர்வோடு வந்த கட்டணத்தில், மாதம் 31 முதல் 60 அலகுக்குள் நின்றால் முதல் 30 அலகுக்குத் தலா 30 ரூபா, அடுத்த 30க்குத் தலா 37 ரூபா, நிலையான கட்டணம் 550. 60ஐத் தாண்டியதும் அந்தச் சலுகை முழுவதும் போய்விடும்: முதல் அலகில் இருந்தே 42 ரூபா, 90க்கு மேல் 50, 180க்கு மேல் 75; நிலையான கட்டணமும் 650, 1,500, 2,000 என்று ஏறும். குறைவாகப் பாவிப்பவருக்குச் சலுகை என்பது நோக்கம். தோட்டத்தில் அது தலைகீழாகிறது, ஏனென்றால் அங்கே மானி ஒன்று, குடும்பம் நாலு. காணிப் பத்திரம் இல்லாதவருக்குத் தனி இணைப்பு எடுப்பது இலேசில்லை. முன்வீட்டு மானியில் இருந்து வயர் இழுத்துப் பின்வீடுகள் ஓடும்.

ஒவ்வொரு குடும்பமும் 55 அலகு பாவிக்கிறது என்று வைப்போம். தனி மானி இருந்தால் ஒரு வீட்டுக்கு 900 + 925 + 550, அதாவது 2,375 ரூபா. நாலு வீட்டுக்கும் 9,500. ஒரே மானியில் 220 அலகு ஓடினால் முதல் 90க்கு 3,780, அடுத்த 90க்கு 4,500, மிச்சம் 40க்கு 3,000, நிலையான கட்டணம் 2,000, மொத்தம் 13,280. ஒரு பல்ப் கூட அதிகமாக எரியாமல் 3,780 ரூபா கூட, 40 வீதத்துக்குக் கிட்ட. மானிக்குச் சொந்தக்காரர் பட்டியலைப் பிரிக்கும்போது தன் பங்கைக் குறைத்துக்கொண்டால் பின்வீட்டுக்காரருக்கு இன்னும் ஏறும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கட்டணங்கள் அதற்குப் பிறகு மாறிவிட்டன. படிமுறை அப்படியே இருக்கும்வரை இந்தக் கணக்கின் வடிவம் மாறாது. ஆய்வாளரின் படிவத்திலோ அந்த 3,780 ரூபா குடும்பங்களின் நுகர்வாக ஏறி, அவர்களைக் கோட்டுக்கு மேலே தள்ளி விடும்.

வாடகையும் அப்படி. சொந்த வீட்டில் இருப்பவருக்கு, அதை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று ஒரு தொகையைச் செலவில் சேர்ப்பது சர்வதேச முறை. நகர நடுவில் பத்தடி அறைக்கும் நல்ல வாடகை மதிப்பு உண்டு. அந்த மதிப்பு அடுப்புக்குப் போகாது.

மாடிக்குப் போனவர்கள்

நகர அபிவிருத்தி அதிகார சபையின் மீள்குடியேற்றத் திட்டம் 68,812 குடும்பங்களைக் கணக்கில் வைத்துத் தொடங்கியது. பலருக்கு 400 சதுர அடி வீடு கிடைத்தது. நுழையும்போது 50,000 ரூபா, பிறகு மாதம் 3,960 ரூபா என்று 20 ஆண்டு. சுவரும் கூரையும் தனிக் கழிவறையும் வந்தன. வெள்ளம் வீட்டுக்குள் வருவது நின்றது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குபவர்களுக்குத் தோட்டத்தின் மழைக்காலம் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் தோட்டத்து வாசலில் இடியப்பம் அவித்து விற்றவருக்கு எட்டாம் மாடியில் வாடிக்கை இல்லை. ஒரு வீட்டில் தனித்தனியாகச் சமைத்த மூன்று குடும்பங்களுக்கு ஒரு மாடிவீடு கிடைத்த இடங்களில் மகன் குடும்பம் வாடகைக்கு வெளியே போனது. 2022இல் இன்னொன்று வெளிப்பட்டது: மாடியில் விறகு எரிக்க முடியாது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. 87 ரூபா மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்டில் 340 ஆனது. தோட்டத்தில் இருந்தவர் பலகைத் துண்டு பொறுக்கி எரித்தார். மாடியில் இருந்தவர் ஒரு நேரம் சமைத்து மூன்று நேரம் சாப்பிட்டார், அல்லது கடைப் பாண்.

அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. ஓராண்டு கழித்து 1.3 வீதம் என்று வந்தபோது விலை இறங்கிவிட்டதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நின்றது, மேலும் ஏறுவதுதான் நின்றது. சம்பளம் அந்த உயரத்துக்கு வரவில்லை. வித்தியாசத்தைக் கடைக்காரரின் கடன் கொப்பியும் அடகுக்கடையும் நிரப்பின.

ஏற்றத்தாழ்வைப் படிக்கும்போது

2019இல் நாட்டின் சராசரிக் குடும்ப வருமானம் மாதம் 76,414 ரூபா. குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 53,333. 23 ஆயிரம் ரூபா இடைவெளிக்குக் காரணம் மேலே உள்ள சிலர். மேல்மட்ட ஐந்திலொரு பங்குக் குடும்பங்கள் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் எடுக்க, அடிமட்ட ஐந்திலொரு பங்குக்கு 5 வீதமும் வராது. இதுவும் குறைத்து மதிப்பிட்டதே: கேட் பூட்டி, காவலாளி வைத்த வீடுகள் ஆய்வாளரை உள்ளே விடுவது குறைவு, விட்டாலும் வட்டி, வாடகை, இலாபப்பங்கு முழுதாகச் சொல்லப்படுவதில்லை.

ஏற்றத்தாழ்வை 0 (முழுச் சமம்) முதல் 1 வரை அளக்கும் ஜினி குணகத்தை மேற்கோள் காட்டுவோர் விழும் குழி ஒன்று உண்டு. இலங்கையின் 0.46 வருமானத்தில் அளந்தது. செலவில் அளந்தால் 0.38க்குக் கிட்ட. இந்தியாவுக்கு அடிக்கடி சொல்லப்படும் 0.255 செலவில் அளந்தது. வருமானம் உயர்ந்தவர் அதிகம் சேமிப்பதால் செலவு ஜினி பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். ஒன்றை எடுத்து மற்றதோடு மோதவிட்டால் இலங்கை இந்தியாவை விட இரு மடங்கு சமமற்ற நாடு என்ற அபத்தமான முடிவு கிடைக்கும்.

அஸ்வெசும யாரைக் கண்டது

வறியவர்களுக்கான அரச உதவித் திட்டங்களாக 1979இன் உணவு முத்திரை, 1989இன் ஜனசவிய, 1995இன் சமுர்த்தி என்று வந்த வரிசையில் 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவில் 22 அளவுகோல்களுக்குப் புள்ளி போட்டு, மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000, வறிய குடும்பத்துக்கு 8,500, பாதிக்கப்படக்கூடியவருக்கு 5,000, இடைநிலையில் உள்ளவருக்கு 2,500 ரூபா என்று பிரித்தார்கள். 2025இல் முதல் இரண்டும் 17,500, 10,000 ஆகின. ஆரம்பத் தொகையில் மிக உயர்ந்ததைக்கூட 2024 ஜனவரியின் தேசியக் கோட்டில் நால்வருக்கு வரும் 68,056 ரூபாவோடு வைத்தால் 22 வீதம்தான் தேறும்.

புள்ளிமுறை அரசியல்வாதியின் பட்டியலை விட மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் சுவரையும் தரையையும் பார்த்துப் புள்ளி போடுகிறது. தெரியாத கடனைப் பார்ப்பதில்லை. சீமெந்துச் சுவர், டைல் தரை, தனிக் கழிவறை உள்ள மாடிவீட்டுக் குடும்பம் அதனாலேயே புள்ளியில் பின்தங்கும். அந்த வீட்டின் 3,960 ரூபா தவணை நிலுவையில் இருப்பது கணக்கில் இல்லை. முதல் பட்டியல் வந்ததும் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்ததில் வியப்பில்லை. முறையிடுபவர்கள் வெறும் 'எங்களுக்குக் கஷ்டம்' என்று எழுதாமல், எந்த அளவுகோலில் பதிவு பிழை என்று காட்டினால்தான் பிரதேச செயலகம் மறுபடி பார்க்க ஏதாவது இருக்கும்: நாட்பட்ட நோய்க்கான கிளினிக் கொப்பி, ஊனச் சான்று, விற்றுவிட்ட ஓட்டோவின் பெயர் மாற்றப் பத்திரம், பாடசாலையை விட்ட பிள்ளையின் விலகல் பத்திரம். வாகனம் கைமாறியும் பெயர் மாறாமல் இருப்பது கொழும்பில் சாதாரணம். அப்படி இருந்தால் சொத்துப் பிரிவில் அது இன்னமும் அவருடைய வாகனம்தான்.

இடைநிலைக் குடும்பங்களுக்கான 2,500 ரூபா 2023 டிசெம்பர் 31 வரைக்கும், பாதிக்கப்படக்கூடியவருக்கான 5,000 ரூபா 2024 ஜூலை 31 வரைக்கும் என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. கோட்டுக்குச் சற்று மேலே நின்று, ஒரு காய்ச்சலிலோ ஒரு வேலைநீக்கத்திலோ கீழே விழக்கூடியவர்கள் அந்த இரண்டு வகுப்பில்தான் இருந்தார்கள். கொழும்பின் தோட்டங்களில் அத்தகையவர்களே அதிகம்.